ஒயின் அலமாரியில் உண்மையில் எத்தனை பாட்டில் அடங்கும்? பாட்டிலின் வடிவமும் அடுக்கும் முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் அலமாரி வாங்க முனைவோர் பெரும்பாலும் கொள்ளளவு எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வாங்கி வந்து, கையில் இருக்கும் பாட்டில்களை உள்ளே வைத்து முடித்த பிறகுதான் கால் பங்கு பாட்டில் வெளியிலேயே நிற்பது தெரிய வருகிறது. எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்த வடிவப் பாட்டில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது, எப்படி அடுக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்பவற்றை இங்கே விளக்கியிருக்கிறோம். கணக்குகள் அனைத்துக்கும் ஒரே அலமாரியை எடுத்துக்கொண்டுள்ளோம். அதன் உள் அகலம் 500 மி.மீ., உள் ஆழம் 550 மி.மீ., பாட்டில் வைக்கத்தக்க உயரம் 1300 மி.மீ. வெளியளவில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் வரக்கூடிய அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் அலமாரியின் அளவுகளைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம்.

தயாரிப்பாளர் சொல்லும் பாட்டில் எண்ணிக்கை எதன் அடிப்படையில் அமைகிறது?

ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் 750 மில்லி போர்தோ பாட்டிலையே, அதாவது பிரான்சின் போர்தோ பகுதியின் பெயரால் வழங்கும் நேர்ப்பக்கப் பாட்டிலையே, அளவுகோலாகக் கொள்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஜெர்மானிய நிறுவனமான லீப்ஹெர் தன் விவரப் பட்டியல்களில் என்.எஃப். எச் 35-124 என்னும் பிரெஞ்சுத் தரநிலைப்படியான பாட்டிலை, அதாவது 300.5 மி.மீ. உயரமும் 76.1 மி.மீ. விட்டமும் கொண்ட பாட்டிலை, அடிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆற்றல் முத்திரையிலும், ஒயின் அலமாரிகளுக்கு மட்டும், எத்தனை நிலையான பாட்டில்கள் கொள்ளும் என்பதைப் பொறித்தாக வேண்டும். ஆகவே அந்த எண் மனம்போனபடி எழுதியதன்று. ஆனால் எல்லாப் பாட்டில்களும் ஒரே வடிவமாக இருந்து, தட்டுகளின் எண்ணிக்கையை இயன்றவரை குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் கிடைக்கும் உச்ச எண்ணிக்கையாகவே அது பெரும்பாலும் இருக்கும். வீட்டில் அப்படி வைத்துக்கொள்பவர்கள் மிகச் சிலரே.

போர்தோ பாட்டில் எப்படி அளவுகோலாயிற்று?

அது உருளை. தோள் உயர்ந்தும் பக்கங்கள் நேராகவும் இருப்பதால், படுக்கவைத்தால் அடியிலிருந்து தோள்வரை ஒரே விட்டத்தில் கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் புழங்கிய பாட்டில்கள் வெங்காயத்தைப் போல அடிபெருத்துக் குட்டையாக இருந்தன. அவற்றை நிற்கவைக்கத்தான் முடியும். தக்கை காய்ந்து சுருங்காமலிருக்க ஒயினைப் படுக்கவைக்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியபோது பாட்டிலின் உடலும் படிப்படியாக மெலிந்து, நீண்டு, நேராயிற்று. நிலவறைகளில் செங்கல் மாடங்கள் கட்டி, ஒரே சரக்கை நூற்றுக்கணக்கில் படுக்கவைத்து அடுக்கும் முறையும் அதனோடு பரவியது. பாட்டிலின் வடிவம் அடுக்குவதற்கு ஏற்றவாறு மாறியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. போர்தோ வடிவம் அந்த மாற்றத்தின் முற்றிய நிலை. அதனால்தான் எந்த அலமாரியிலும் அதுவே மிகுந்த எண்ணிக்கையைத் தருகிறது.

வழக்கமான வடிவங்களின் அளவுகள் என்ன?

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மில்லிமீட்டர் வேறுபடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 750 மில்லி பாட்டில்களைப் பின்வருமாறு பிரிக்கலாம். போர்தோ பாட்டில் 74 முதல் 76 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. அளவில் உயரமும் கொண்டது. காபர்னே சோவின்யோன், மெர்லோ போன்ற ஒயின்கள் உலகெங்கும் இதில்தான் வருகின்றன. பர்கண்டி பாட்டில் 80 முதல் 84 மி.மீ. விட்டமுள்ளது, தோள் எடுப்பாக இல்லாமல் கழுத்திலிருந்து சரிந்து இறங்கும். பினோ நுவார், ஷார்டொனே ஆகியவற்றுக்கும் ரோன் பள்ளத்தாக்கின் ஒயின்களுக்கும் இந்த வடிவமே பெருவழக்கு. ஷாம்பெயின் பாட்டில் 88 அல்லது 89 மி.மீ. வரை விரியும். உள்ளே 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருப்பதால் கண்ணாடி தடித்தாக வேண்டும். விட்டம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அல்சாஸ், மோசல், ரைன் பகுதிகளின் புல்லாங்குழல் வடிவப் பாட்டில் விட்டத்தில் போர்தோவை ஒத்திருந்தாலும் உயரத்தில் 330 முதல் 350 மி.மீ. வரை நீளும்.

போர்தோவுக்கும் பர்கண்டிக்கும் 6 மி.மீ.தானே வேறுபாடு? அதனால் இவ்வளவு இழப்பு வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்றே சொல்வோம். பாட்டிலின் விட்டம் 8 விழுக்காடு கூடினால் கொள்ளளவும் 8 விழுக்காடு குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாட்டிலைப் பாதியாக வெட்டி வைக்க முடியாதல்லவா? இடம் சிறிது போதாவிட்டாலும் முழுப் பாட்டில் ஒன்று வெளியேறும். ஒரு வரிசையில் ஒன்று வெளியேறினால் எல்லா வரிசைகளிலும் ஒவ்வொன்று வெளியேறும். இழப்பு படிப்படியாகக் குதித்து வருகிறது.

நம் அலமாரியையே பார்ப்போம். ஆழம் 550 மி.மீ. என்பதால் முன்வரிசை, பின்வரிசை என இரண்டு வரிசைகளைக் கழுத்தோடு கழுத்து கோத்துப் படுக்கவைக்கலாம். அப்படிக் கோக்க வேண்டுமானால் ஒரு வரிசை மற்றதிலிருந்து அரைப் பாட்டில் அகலம் தள்ளி அமைய வேண்டும். போர்தோவில் 6 பாட்டிலும் அந்த அரை அகலமும் சேர்ந்து 76 × 6.5 = 494 மி.மீ. வருகிறது, 500 மி.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே ஓர் அடுக்குக்கு 6 + 6 = 12 பாட்டில். பர்கண்டியில் 82 × 6.5 = 533 மி.மீ. என ஆகிவிடுவதால் ஒரு வரிசையில் 6, மற்றதில் 5 என 11தான் வைக்க முடியும். 5 பாட்டில் உள்ள வரிசையின் இரு ஓரத்திலும் மரக்கட்டை ஒன்றை அண்டைகொடுக்கவும் வேண்டும். இல்லையேல் பாட்டில் உருளும். ஷாம்பெயினில் 89 × 5.5 = 489.5 மி.மீ.; ஆக 5 + 5 = 10.

இப்போது உயரத்துக்கு வருவோம். பழக்கடையில் சாத்துக்குடி அடுக்குவதைப் போலக் கீழடுக்கின் பள்ளங்களில் மேலடுக்கு உட்காரும்போது, ஒவ்வொரு புதிய அடுக்கும் முழு விட்டத்தை எடுத்துக்கொள்ளாமல் விட்டத்தின் 0.866 பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். போர்தோவுக்கு அது 66 மி.மீ.; பர்கண்டிக்கு 71; ஷாம்பெயினுக்கு 77. அலமாரியின் 1300 மி.மீ. உயரத்தை மூன்று அறைகளாகப் பிரித்து, தட்டின் கனம் 25 மி.மீ. போக ஒவ்வோர் அறைக்கும் 405 மி.மீ. விட்டால், போர்தோவில் 6 அடுக்குகள் மிகச் சரியாக அமர்கின்றன. பர்கண்டியில் 6 அடுக்குக்கு 437 மி.மீ. தேவை என்பதால் 5 அடுக்கோடு நிற்க வேண்டியதுதான். ஷாம்பெயினும் 5 அடுக்கே. மொத்தத்தில் அதே அலமாரி போர்தோ 216, பர்கண்டி 165, ஷாம்பெயின் 150 என்று கொள்ளும். பர்கண்டியில் 6 மி.மீ. கூடியதற்குப் பறிபோனது 51 பாட்டில், அதாவது ஏறத்தாழ கால் பங்கு.

அப்படியானால் தட்டுகளின் உயரத்தை மாற்றி இழப்பைக் குறைக்கலாமா?

கட்டாயம் குறைக்கலாம். போர்தோவை மனத்தில் வைத்தே தொழிற்சாலையில் தட்டுகளைப் பொருத்தி அனுப்புகிறார்கள். மேலே சொன்ன பர்கண்டிக் கணக்கில், ஒவ்வோர் அறையிலும் 5 அடுக்குக்கு மேல் ஏறக்குறைய 40 மி.மீ. வெற்றிடம் வீணாகக் கிடக்கிறது. இரண்டு அறைகளை 440 மி.மீ. ஆக உயர்த்தி, மூன்றாவதை 345 மி.மீ. ஆகக் குறைத்தால் 6 + 6 + 4 என 16 அடுக்குகள் கிடைக்கின்றன. கொள்ளளவு 165இலிருந்து 176 ஆகிறது. பணச் செலவில்லாமல் 11 பாட்டிலுக்கு இடம் கிடைத்துவிடும். தட்டுத் தாங்கிகளை எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் மாற்றிப் பொருத்தலாம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இடைவெளியில் மட்டும் மாற்ற முடிகிற அலமாரியில் இந்தச் சலுகை கிடைக்காது.

கழுத்தோடு கழுத்து கோப்பது என்றால் என்ன? எல்லா வடிவத்துக்கும் அது பொருந்துமா?

பாட்டிலின் உடல் 76 மி.மீ. இருக்கும்போது கழுத்து 30 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. ஒரே திசையில் வரிசையாகப் படுக்கவைத்தால் கழுத்துகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும். எதிர்வரிசைப் பாட்டில்களின் கழுத்தை அந்த வெற்றிடத்தில் நுழைத்தால், 600 மி.மீ. ஆழம் கேட்கும் இரண்டு வரிசைகள் 520 மி.மீ. சுமாருக்குள் அடங்கிவிடும். போர்தோ பாட்டிலின் தோள் சட்டென்று விரிவதால் கழுத்து முழுவதும் கோப்பதற்குக் கிடைக்கிறது. பர்கண்டி, ஷாம்பெயின் பாட்டில்களில் தோள் சரிந்து இறங்குவதால், எதிர்ப்பாட்டிலின் வாய் ஓரளவு நுழைந்ததும் சரிவில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஷாம்பெயினில் தக்கையை இறுக்கிய கம்பிக்கூடும் அதன் மேலுறையும் வாயை இன்னும் பருமனாக்குகின்றன. ஆழம் நெருக்கடியாக இருக்கும் அலமாரியில் பின்வரிசையில் நான்கைந்து ஷாம்பெயின் வைத்துவிட்டால், முன்வரிசை சிறிது வெளியே பிதுங்கிக் கதவின் கண்ணாடியில் அடிப்பாகம் உரசுவதைக் காணலாம். ரப்பர் விளிம்பு சரியாகப் படியாமல் கதவு மயிரிழை திறந்திருந்தாலும், ஈரக்காற்று உள்ளே புகுந்து பின்சுவரில் நீர் முத்துமுத்தாகக் கோத்துவிடும். கதவுக்கும் முதல் பாட்டிலுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நெருக்கி அடுக்குவது, தட்டுக்கு ஓர் அடுக்கு மட்டும் வைப்பது: இவற்றில் எது மேல்?

எண்ணிக்கை வேண்டுமானால் முதலாவது. எடுத்துப் புழங்க வேண்டுமானால் இரண்டாவது. தட்டுக்கு ஓர் அடுக்கு என வைத்தால் நம் அலமாரியில் போர்தோவுக்கு 100 மி.மீ. உயரத்துக்கொரு தட்டு வீதம் 13 தட்டுகள், 156 பாட்டில்கள். பர்கண்டிக்கு 105 மி.மீ. விட்டால் 12 தட்டுகள், 132 பாட்டில்கள். ஷாம்பெயினுக்கு 110 மி.மீ. விட்டால் 11 தட்டுகள், 110 பாட்டில்கள். 216 எங்கே, 110 எங்கே! அலமாரி ஒன்றுதான், கொள்ளளவு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது.

ஆனால் 6 அடுக்கு அடுக்கிய அறையில் அடியிலிருந்து இரண்டாவது அடுக்கிலுள்ள ஒரு பாட்டிலை எடுக்க முயன்று பாருங்கள். அதன்மேல் இரண்டு பாட்டில்கள் உட்கார்ந்திருக்கும், அவற்றின்மேல் மூன்று, அதற்கும் மேல் நான்கு, உச்சியில் ஐந்து. மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, தரையில் துணி விரித்து வைத்து, வேண்டியதை எடுத்த பிறகு மீண்டும் அதே வரிசையில் ஏற்ற வேண்டும். பின்வரிசையாக இருந்தால் முன்வரிசையையும் கலைத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் பாட்டிலில் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் உரசித் தேய்கின்றன, படிந்த வண்டல் கலங்குகிறது, கதவு நெடுநேரம் திறந்திருப்பதால் உள்வெப்பம் ஏறுகிறது. ஆகவே ஒரே ஒயினைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று வாங்கிப் பத்தாண்டு தொடாமல் வைப்பவர்களுக்கே நெருக்கி அடுக்குவது ஏற்றது என்பது எங்கள் உறுதியான கருத்து. வாரம் ஒரு பாட்டில் திறக்கும் வீட்டில், அடியில் ஓர் அறையை அடுக்குவதற்கு ஒதுக்கிவிட்டு, மேலே இழுப்புத்தட்டுகள் அமைப்பதே வசதி. கண்மட்டத்தில் உள்ள தட்டுகளை அன்றாடப் பாட்டில்களுக்கு விட்டுவிடுங்கள்.

சீட்டு தெரியும்படி பாட்டிலைச் சாய்த்து வைக்கும் காட்சித்தட்டு பார்க்க அழகுதான். ஆனால் நாலைந்து அடுக்கு படுக்கவைக்கும் உயரத்தை அது ஒரே வரிசைக்காக விழுங்கிவிடும். இடம் முக்கியம் என்றால் அது வேண்டாம்.

எத்தனை அடுக்குவரை ஏற்றலாம்? கண்ணாடி உடையாதா?

கண்ணாடி அவ்வளவு எளிதில் உடையாது. ரான்ஸ், எப்பர்னே நகரங்களின் சுண்ணாம்புப் பாறை நிலவறைகளில் ஷாம்பெயின் பாட்டில்களைப் படுக்கவைத்து, அடுக்குக்கு அடுக்கு மெல்லிய மரச்சட்டங்களைக் கொடுத்து, ஆள் உயரத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள். புளிப்பு மண்டியோடு, அதாவது நொதித்தபின் தங்கும் ஈஸ்ட் கசடோடு, குறைந்தது 12 மாதமாவது அவை அங்கே கிடக்க வேண்டும் என்பது சட்டம். மண்டியைக் கழுத்துக்கு இறக்கிய பின், தலைகீழாக நிறுத்தி, மேல்பாட்டிலின் வாய் கீழ்ப்பாட்டிலின் அடிக்குழிக்குள் அமருமாறு அடுக்கும் வழக்கமும் உண்டு. அடிக்குழி ஆழமாக இருப்பதன் பயன் அங்கே கண்கூடாகத் தெரியும்.

வீட்டு அலமாரியில் கவனிக்க வேண்டியது தட்டின் வலிமை. 6 அடுக்கு, அடுக்குக்கு 12 என்றால் ஒரு தட்டின்மேல் 72 பாட்டில். ஒயினும் கண்ணாடியும் சேர்ந்து ஒன்று 1.25 கிலோ என்று வைத்தாலும் 90 கிலோ. இழுப்புத்தட்டு இந்தச் சுமைக்கு ஆனதன்று. அடுக்குவதற்கென்று வடிவமைத்த நிலைத்தட்டில் மட்டுமே ஏற்றுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள அடுக்கு எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். இன்னொன்று: முதல் அடுக்கு அசையாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்து ஒரு பாட்டில் விலகினால், அதன்மேல் உள்ள அடுக்குகள் சரிந்து கதவைத் தள்ளும்.

ஒரே அடுக்கில் பல வடிவங்களைக் கலந்து வைக்கலாமா?

கூடாது என்றே சொல்வோம். பள்ளத்தில் பாட்டில் உட்காரும் கணக்கெல்லாம் விட்டம் ஒன்றாக இருந்தால்தான் செல்லும். போர்தோ வரிசையில் நடுவே இரண்டு ஷாம்பெயினை வைத்தால் அவை 13 மி.மீ. மேலே எழும்பி நிற்கும். அடுத்த அடுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஆடும். அடுக்கு உயர உயர இந்த ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. வடிவத்துக்கு ஓர் அறை ஒதுக்குவதே சரியான வழி. நம் அலமாரியில் ஓர் அறை போர்தோ, ஓர் அறை பர்கண்டி, ஓர் அறை ஷாம்பெயின் என்று வைத்தால் 72 + 55 + 50 = 177 பாட்டில் அடங்கும். அது அறிவிக்கப்பட்ட 216இல் 82 விழுக்காடு. பல வடிவங்களைக் கலந்தாக வேண்டிய நிலையில் ஓர் அடுக்குத் தட்டையே நாடுங்கள். அங்கே ஒரு பாட்டில் மற்றதன்மேல் உட்காருவதில்லை.

அல்சாஸ், மோசல் பாட்டில்கள் நீளமாயிற்றே, அவற்றை எங்கே வைப்பது?

விட்டத்தில் இவற்றால் தொல்லை இல்லை. இரட்டை வரிசை வைக்கும் ஆழமான அலமாரியில் கழுத்து மெலிந்து நீண்டிருப்பதால் எதிர்வரிசையோடு நன்றாகவே கோக்கும். ஆனாலும் இரு பக்கமும் இவையே வந்தால் ஆழம் போதுமா என்று அளந்துகொள்ள வேண்டும். சமையலறை மேடைக்கடியில் பொருத்தும், ஒற்றை வரிசைக்கான ஆழம் குறைந்த அலமாரிகளில்தான் உண்மையான சிக்கல். 310 அல்லது 320 மி.மீ. ஆழம் மட்டும் விட்டிருந்தால் 340 மி.மீ. பாட்டிலைப் படுக்கவைத்துக் கதவை மூட முடியாது. இந்த நீளப் பாட்டிலில் வரும் ரீஸ்லிங் ஒயினை விரும்புபவர்கள் அலமாரி வாங்குமுன் ஒரு பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அலமாரியின் அடியில் அமுக்கி எந்திரத்துக்காக மேடுபோல் எழும்பியிருக்கும் பகுதிக்கு மேல் ஆழம் இன்னும் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது.

மேக்னம், அரைப் பாட்டில் ஆகியவற்றால் இடம் வீணாகுமா?

1.5 லிட்டர் மேக்னம் பாட்டிலின் விட்டம் 100 மி.மீ.க்கு மேல் போகும். சாதாரணத் தட்டின் உயரத்தில் அது நுழையாது. ஒரு தட்டைக் கழற்ற நேரிடும். எனினும் அது இரண்டு பாட்டில் ஒயினைத் தாங்கி இரண்டு பாட்டிலுக்குச் சற்றுக் கூடுதலான இடத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரிய நட்டமில்லை. அரைப் பாட்டிலில்தான் நட்டம். முழுப் பாட்டிலுக்குச் செதுக்கிய பள்ளத்தில் அதை வைத்தால் 375 மில்லிக்கு முழு இடமும் போய்விடுகிறது; விட்டம் 60 மி.மீ. அளவில் இருப்பதால் சட்டங்களுக்கிடையே சறுக்கவும் செய்யும். அவற்றை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து அடித்தட்டில் வைப்பதே மேல்.

எந்த வகையிலும் சேராத பாட்டில்களை என்ன செய்வது?

ஜெர்மனியின் பிராங்கோனியாப் பகுதியிலிருந்து வரும் பாக்ஸ்பாய்டல் தட்டையான, வட்டமான பாட்டில். அது உருளாது என்பது நல்லதுதான். ஆனால் அகலத்தில் ஒன்றரைப் பாட்டிலுக்கு மேல் பிடிக்கும். யூரா மலைப்பகுதியின் மஞ்சள் ஒயினுக்குரிய கிளாவலேன் 620 மில்லி கொண்ட குட்டையான, தோள் அகன்ற பாட்டில். ஷாத்தோநஃப்-து-பாப் பாட்டிலில் 1937 முதல் திருத்தந்தையின் மணிமுடியும் சாவிகளும் புடைப்பாக வருகின்றன. அந்தப் புடைப்பு பக்கத்துப் பாட்டிலின் சீட்டில் உராய்கிறது. ஷாம்பெயினிலேயே டொம் பெரின்யோன், க்ரூக், ரூயினார் போன்றவை வழக்கமான ஷாம்பெயினைவிட வயிறு அகன்றவை.

இவற்றைவிடத் தொல்லை தருபவை, பகட்டுக்காகக் கனத்த கண்ணாடியில் தோள் அகன்று அடி குறுகிச் செய்யப்படும் சில சிவப்பு ஒயின் பாட்டில்கள். படுக்கவைத்தால் நேராகக் கிடக்காமல் அடிப்பக்கம் இறங்கிச் சாயும். அடுக்கில் வைத்தால் மெல்ல மெல்ல நகரும். அடைத்து விற்பவர்கள் கண்ணாடிக் கனத்தைக் குறைத்து, நேரான வடிவத்துக்குத் திரும்பினால் சேமித்து வைப்பவர்கள் மனமார வாழ்த்துவார்கள். ஷாம்பெயின் பகுதியினர் 2010இல் தங்கள் நிலையான பாட்டிலை 900 கிராமிலிருந்து 835 கிராமுக்குக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதே அழுத்தத்தை அது தாங்குகிறது.

திருகு மூடிப் பாட்டில்களை நிற்கவைத்தால் இடம் மிஞ்சுமா?

தக்கை இல்லாததால் அவற்றைப் படுக்கவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இடம் மிஞ்சாது. நம் அலமாரியின் தரையில் போர்தோ வடிவப் பாட்டில்களை இடைவெளியில் பொருந்துமாறு நிற்கவைத்தால் 8 வரிசை, வரிசைக்கு 6 என 48 நிற்கும்; அதற்கு 300 மி.மீ.க்கு மேல் உயரம் வேண்டும். அதே 48ஐ 4 அடுக்காகப் படுக்கவைத்தால் 274 மி.மீ. போதும். எடுப்பதற்கு எளிது என்பதால் நிற்கவைக்கலாமே ஒழிய, இடத்துக்காக அல்ல.

அலமாரியை முழுவதும் நிரப்பலாமா? இரு வெப்பநிலை அலமாரியில் என்ன வேறுபாடு?

நிரம்பிய அலமாரி வெப்பநிலையை நன்றாகக் காக்கும். உள்ளே இருக்கும் ஒயினே அதற்குத் துணை. ஆனால் பின்சுவரைப் பாட்டில் தொடக் கூடாது, விசிறியின் வாயை மறைக்கக் கூடாது. குளிர்ச்சுவரை ஒட்டிய பாட்டிலின் சீட்டு ஈரமாகிப் பூசணம் பிடிக்கும். ஆகவே ஆழத்தைக் கணக்கிடும்போது பின்னால் 10 முதல் 20 மி.மீ. விட்டுவிட்டே கணக்கிடுங்கள். இரு வெப்பநிலை அலமாரியில் நடுவே காப்புத்தடுப்பும் தனி விசிறியும் வருவதால் ஓர் அடுக்கோ இரண்டோ குறையும். நெடுநாள் சேமிப்பே நோக்கம் என்றால் 12 பாகை அளவில் ஒரே வெப்பநிலை போதும். தடுப்புக்கு இடத்தை இழக்கத் தேவையில்லை.

வாங்குமுன் என் பாட்டில்களுக்கு நானே கணக்கிடுவது எப்படி?

தையல்காரர் அளவுநாடா ஒன்று போதும். பாட்டிலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவை எடுங்கள். 24 சென்டிமீட்டர் வந்தால் அது போர்தோ விட்டம். 26 வந்தால் பர்கண்டி. 28 வந்தால் ஷாம்பெயின். உங்கள் இருப்பில் ஒவ்வொன்றும் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அலமாரியின் உள் அகலத்தை விட்டத்தால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுங்கள். மிச்சம் அரைப் பாட்டிலுக்கு மேல் இருந்தால் இரு வரிசையிலும் அதே எண்ணிக்கை. குறைந்தால் ஒரு வரிசையில் ஒன்று குறையும். உயரத்துக்கும் மேலே காட்டிய முறைதான். 10 மி.மீ. கூடுதல் அகலமுள்ள வேறொரு அலமாரி அடுக்குக்கு ஒரு பாட்டில் கூடுதலாகத் தரக்கூடும். விலைப்பட்டியலில் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். கணக்கிட நேரமில்லாதவர்கள் கலவையான இருப்புக்கு அறிவிக்கப்பட்ட எண்ணில் முக்கால் பங்கையும், இழுப்புத்தட்டுகள் நிறைய வேண்டுமென்றால் பாதியையும் வைத்துக்கொள்ளலாம்.

நிரம்பிய அலமாரியின் எடையை வீட்டுத் தரை தாங்குமா?

216 போர்தோ பாட்டில்கள் 270 கிலோ. ஷாம்பெயின் ஒன்று 1.6 கிலோ என்பதால் 150 பாட்டிலே 240 கிலோ ஆகிவிடும். போர்தோ கணக்கோடு அலமாரியின் எடை 100 கிலோ என்று சேர்த்தால் 370 கிலோ, அரைச் சதுர மீட்டருக்கும் குறைந்த பரப்பில் நிற்கிறது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன் இரண்டாம் பகுதி குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையை வடிவமைப்பு அளவாகக் கொள்கிறது. அது அறை முழுமைக்குமான பரவல் சுமை என்பதால், ஓரிடத்தில் கூடினாலே தரை இடிந்துவிடும் என்று பொருளில்லை. இருந்தாலும் கூடத்தின் நடுவில் வைக்காமல், சுவரையோ உத்தரத்தையோ ஒட்டி வைப்பது முறை. பழைய கட்டடத்தின் மாடியில் வைப்பதாயிருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். நிரப்பும்போது கனத்த பாட்டில்களை அடியறையிலிருந்து தொடங்கி மேலே ஏற்றுங்கள்.